மயில் அழகுதான்; தண்ணீர் எங்கே?

என் அக்காள் மகன் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரித்துக் கொண்டிருக்கிறான். பகலில் ஒரு கூரியர் கிடங்கில் கணக்கு எழுதும் வேலை. இரவில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து இந்த வேலை. இரண்டு வருடமாக நடக்கிறது. அக்காள் தன் கை வளையல்களை அடகு வைத்து லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஆகவே, இது ஏதோ பொழுதுபோக்குச் சமாச்சாரம் என்று நான் ஒதுக்கிவிட முடியாது. எங்கள் குடும்பத்தில் இது வளையல் சமாச்சாரம்.

விளையாட்டு நடக்கும் இடம் நமது மும்பைக்குப் பக்கத்திலுள்ள போர் காட் மலைப்பாதை. 1863-ல் திறக்கப்பட்ட பாதை அது. 37 அடி ஓடினால் ஓர் அடி ஏற வேண்டிய செங்குத்து. மின்சார எஞ்சின்கள் வருவதற்கு முந்தைய காலம். விளையாடுகிறவன்தான் பயர்மேன். கரி தள்ள வேண்டும், நீராவி அழுத்தம் குறையாமல் பார்க்க வேண்டும், கொதிகலனில் தண்ணீர் வற்றாமல் காக்க வேண்டும், வண்டியை மலை மேல் ஏற்ற வேண்டும்.

படங்களைப் பார்த்து நான் அசந்து போனேன். புகையும், மழையும், குகைவாயும் கண்ணில் ஒற்றிக் கொள்ளலாம் போலிருந்தன. கருவிகளைச் சுற்றிப் பித்தளைச் சட்டம். அதில் தோகை விரித்த மயில். அந்த மயிலை வரைய ஒரு நண்பனுக்கு மூன்று வாரம் பிடித்ததாம்.

எங்கள் காலனியில் ஓய்வு பெற்ற பயர்மேன் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. நீராவி எஞ்சினில் கரி தள்ளிய கடைசித் தலைமுறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் செல்போனைக் கொடுத்து விளையாடச் சொன்னோம். கண்ணாடியை மாட்டிக் கொண்டு, போனைத் தூரத்திலும் பக்கத்திலும் பிடித்துப் பார்த்தார். இரண்டு நிமிஷத்தில் கொதிகலன் வெடித்து ஆட்டம் முடிந்தது.

"மயில் நல்லாத்தான் இருக்கு, தம்பி. தண்ணி எங்க தெரியுது?" என்று கேட்டார்.

தண்ணீர் மட்டம் மயில் தோகையின் நீலக் கண்களில் காட்டப்பட்டிருந்தது. கண்கள் ஒவ்வொன்றாக மங்கினால் தண்ணீர் குறைகிறது என்று அர்த்தமாம். வரைந்தவனுக்குத் தெரியும், வாழ்நாளில் பாதியை எஞ்சினில் கழித்தவருக்குத் தெரியவில்லை.

அண்ணாச்சி அன்று சொன்ன ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சொந்தமாக விளையாட்டு தயாரிக்க முனையும் நம் பிள்ளைகளும், அவர்களுக்குப் பணம் கொடுக்கும் பெற்றோரும் இதைக் கேட்டுக் கொள்வது நல்லது.

உண்மை எஞ்சினில் இருந்தது என்ன?

நீராவி எஞ்சினில் தண்ணீர் மட்டத்தைக் காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. தண்ணீரும் நிறமற்றது, கண்ணாடியும் நிறமற்றது. இருட்டில், புகையில், ஆட்டத்தில் மட்டம் எப்படித் தெரியும்? அதற்காகப் பல எஞ்சின்களில் குழாய்க்குப் பின்னால் சாய்வான கறுப்பு வெள்ளைக் கோடுகள் போட்ட தகடு ஒன்றை வைத்தார்கள். தண்ணீர் இருக்கும் பகுதியில் பார்த்தால் அந்தக் கோடுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரியும். தண்ணீர் இல்லாத பகுதியில் உள்ளபடியே தெரியும். கோடு எங்கே திரும்புகிறதோ அதுதான் மட்டம். ஒரு பார்வை போதும்.

அழுத்தமானியில் எந்த எண்ணைத் தாண்டக் கூடாதோ அந்த இடத்தில் சிவப்புக் கோடு இருக்கும். "தண்ணிக்கு ரெண்டு கண்ணாடி வச்சிருப்பான். ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு காட்டிக் கொடுக்கும்" என்றார் அண்ணாச்சி. நெருப்புப் பெட்டியின் மேல்தகட்டை விட்டுத் தண்ணீர் இறங்கினால் தகடு பழுத்து உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இவ்வளவு ஏற்பாடு.

இதில் நான் கண்ட உண்மை இதுதான். உழைக்கும் இடத்தில் உள்ள கருவிகளை, அவற்றைப் பார்த்துப் பிழைக்க வேண்டியவர்களுக்காகச் செய்தார்கள். அந்தக் கருவிகளை உள்ளபடி படித்து வரைந்தால் அழகும் கிடைக்கும், தெளிவும் கிடைக்கும். பழைய காலத்துச் சாயம் மட்டும் போதும் என்று மேலே பூசினால் தெளிவு போய்விடும். கொஞ்ச நாளில் அழகும் அலுத்துவிடும்.

விளையாட்டின் கவுண்ட்டர்

பெரிய கம்பெனிகளின் பணபலம் இல்லாமல் ஒருவரோ, நாலைந்து பேரோ சேர்ந்து தயாரிக்கும் விளையாட்டுகளை 'இண்டி' விளையாட்டுகள் என்கிறார்கள். விளையாடுகிறவன் கண்ணால் படித்து, கையால் தொட்டு இயக்கும் பகுதியை 'இன்டர்ஃபேஸ்' என்கிறார்கள். டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவான எனக்கு இதற்குக் கவுண்ட்டர் என்ற வார்த்தைதான் தோன்றுகிறது. உள்ளே எவ்வளவு பெரிய ஆபீஸ் இருந்தாலும் ஜனங்களுக்குத் தெரிவது கவுண்ட்டர் ஒன்றுதான். அந்த ஜன்னல் சரியில்லாவிட்டால் உள்ளே இருப்பது எதுவும் வெளியே வராது.

கவுண்ட்டரையே விளையாட்டாக்கிப் புகழ் பெற்றவர் ஒருவர் இருக்கிறார். லூகாஸ் போப் என்ற அமெரிக்கர். 2013-ல் அவர் ஏறக்குறையத் தனி ஆளாகத் தயாரித்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்ற விளையாட்டில் நாம் ஓர் எல்லைச் சாவடிக் குமாஸ்தா. அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாடு, 1982-ம் வருடம். பாஸ்போர்ட்டையும் அனுமதிச் சீட்டையும் ஒத்துப் பார்த்து முத்திரை குத்த வேண்டும். பார்த்து அனுப்பிய ஆளுக்கு இத்தனை என்று கூலி. தவறு செய்தால் எச்சரிக்கைச் சீட்டு. அது பெருகினால் அபராதம். மாலையில் வாடகை, சாப்பாடு, குளிருக்கு வெப்பம் என்று வீட்டுச் செலவுக் கணக்கு. நம் வாசகர்களில் பாதிப் பேருக்கு இது விளையாட்டாகவே தோன்றாது!

அதில் மேஜை வேண்டுமென்றே சின்னதாக இருக்கிறது. காகிதங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன. விதிப் புத்தகமும் அதே மேஜையில் இடத்தை அடைக்கிறது. வரிசை நீள்கிறது, கடிகாரம் ஓடுகிறது. இது வசதிக் குறைவுதானே என்று கேட்கலாம். வசதிக் குறைவுதான், ஆனால் அதுதான் அந்தக் கதை. குமாஸ்தாவின் அவஸ்தையை நம் கை உணர வேண்டும் என்பதற்காகவே மேஜை சின்னதாயிற்று.

அதே மேஜையில் தெளிவாக இருப்பவற்றையும் பார்க்க வேண்டும். ஜன்னலோரம் சின்னதாகத் தெரியும் காகிதத்தை மேஜைக்கு இழுத்தால் படிக்கும் அளவுக்குப் பெரிதாகிறது. அனுமதிக்குப் பச்சை முத்திரை, மறுப்புக்குச் சிவப்பு முத்திரை. நிறம் தெரியாவிட்டாலும் வார்த்தையும் இருக்கிறது, இடமும் வேறு. இரண்டு விவரங்கள் முரண்படுகின்றன என்று சந்தேகப்பட்டால் இரண்டையும் தொட்டுக் காட்டலாம். முரண்பாடு உண்டா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். அவஸ்தை நம் தீர்ப்பில் இருக்கிறது, கண்ணில் இல்லை. 2022-ல் அதே விளையாட்டு செல்போனுக்கு வந்தபோது பெரிய திரையை அப்படியே சுருக்கிப் போடாமல், விரலுக்கு ஏற்றபடி காகிதங்களின் அடுக்கு முறையையே அவர் மாற்றினார்.

அவரே 2018-ல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' முழுவதும் கறுப்பும் வெளுப்புமான புள்ளிகளால் ஆனது. பழைய கம்ப்யூட்டர் திரைகளின் தோற்றம். பார்வையைத் திருப்பும்போது புள்ளிகள் நெளிந்து கண்ணை உறுத்தும் என்று கண்டு, அதைத் தணிக்கவே அவர் நிறைய உழைத்தார். தோற்றத்தை விட்டுக் கொடுக்கவில்லை. அடுத்தவன் கண்ணையும் விட்டுக் கொடுக்கவில்லை.

நியூசிலாந்தில் ஒரு சிறு குழு 2015-ல் வெளியிட்ட 'மினி மெட்ரோ' இன்னொரு நல்ல உதாரணம். நகர ரயில் பாதைகளை இழுத்து ஸ்டேஷன்களை இணைக்கும் விளையாட்டு அது. நமது மும்பையும் அதில் ஒரு நகரம். அதன் தோற்றம் லண்டன் பாதாள ரயிலுக்கு ஹாரி பெக் என்ற வரைவாளர் போட்ட, 1933-ல் வெளியான படத்தின் வழிவந்தது. எந்த ஸ்டேஷனுக்குப் பிறகு எது, எங்கே மாற வேண்டும் என்பது மட்டும் பயணிக்குத் தெரிந்தால் போதும் என்று பெக் மற்றதையெல்லாம் கழித்தார். 'மினி மெட்ரோ'வில் வட்டம், முக்கோணம், சதுரம் என்பவைதான் ஸ்டேஷன்கள். முக்கோணப் பயணி முக்கோண ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். எழுத்தே தெரியாத குழந்தைக்கும் புரியும். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்குத் தனி ஏற்பாடும் உண்டு. இங்கே தோற்றமும் வசதியும் ஒரே பொருளின் இரண்டு பெயர்கள்.

கஷ்டம் எங்கே இருக்கலாம்?

நம்மவர் சம்பந்தப்பட்ட உதாரணமும் ஒன்று உண்டு. கனடாவில் உள்ள ஒரு சிறு நிறுவனம் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா' என்ற விளையாட்டு. 1988-ல் தமிழ்நாட்டிலிருந்து டொராண்டோவுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம்தான் விளையாட்டின் கருவி. பக்கங்கள் கிழிந்தும், மை கலைந்தும் கிடக்கின்றன. காணாமல் போன வரியை நாம் யோசித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஏறும் என்பதே ஒரு புதிர்! பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2024-ல் முதல் முயற்சிக்கான விருதை இதற்குக் கொடுத்தது.

இங்கே படிக்க முடியாத பக்கம்தான் கதை. ஊரை விட்டு வந்தவன் ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறான் என்பதை அந்தக் கலைந்த மை சொல்கிறது. ஆனால் கலையாத வரிகள் தெளிவாக இருக்கின்றன. மறந்து போன வரி வேறு, மங்கலாக அச்சான வரி வேறு என்பது தயாரித்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எனவே என் கட்சி இதுதான். கஷ்டம் கதைக்குச் சொந்தமானால் இருக்கட்டும். பயர்மேனுக்கு இருந்த கஷ்டம் விளையாடுகிறவனுக்கும் இருக்கட்டும். பயர்மேனுக்கு இல்லாத கஷ்டத்தை மயில் பெயரால் அவன் தலையில் கட்டக் கூடாது.

இதற்கு எதிர்க் கட்சியும் உண்டு. மயில் வரைந்த பையன் என்னிடம் கோபமாகவே கேட்டான்: "எல்லாத்தையும் வெள்ளைப் பெட்டியில கறுப்பு எழுத்தா போட்டுட்டா, இது விளையாட்டா, ரேஷன் கார்டா?"

நியாயமான கேள்வி. பணமில்லாத சிறு குழுவுக்குத் தோற்றம்தான் மூலதனம். கடைத் தெருவில் ஆயிரம் விளையாட்டுகளுக்கு நடுவே ஒரு படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறவன் நிற்கிறான். மயில் இல்லாவிட்டால் அவன் நிற்கவே மாட்டான் என்பதை நானும் ஒப்புக் கொள்கிறேன்.

ஆனால் நின்றவன் தங்க வேண்டுமே! 'ஸ்டீம்' என்ற பெரிய விற்பனைத் தளத்தில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். முதல் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் எங்கே என்று தெரியாமல் நான்கு முறை வெடித்துச் செத்தவன் என்ன செய்வான்? மயிலை ரசித்துக் கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான். அடகுக் கடையில் இருக்கும் வளையல் அங்கேயே இருந்துவிடும்.

யாருக்காகச் செய்கிறோம்?

நம் ஜனங்கள் எங்கே விளையாடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஷிப்ட் முடிந்து கடைசி லோக்கலில், ஒரு கையால் மேல்பிடியைப் பற்றிக் கொண்டு, மறு கையில் கீறல் விழுந்த செல்போனை வைத்து விளையாடுகிறார்கள். எட்டுப் பேர் தூங்கும் அறையில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து விளையாடுகிறார்கள். நாற்பதைத் தாண்டினால் பொடி எழுத்து தெரிவதில்லை; கண்ணாடி வாங்குவதையும் அடுத்த சம்பளத்துக்குத் தள்ளிப் போடுகிறோம்.

நிறம் இன்னொரு பிரச்சினை. ரயில்வேயில் வண்டி ஓட்டும் வேலைக்கு நிறப்பார்வைச் சோதனை உண்டு. புள்ளிகளுக்குள் எண் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். 1917-ல் ஜப்பானிய டாக்டர் இஷிஹாரா கொண்டுவந்த முறை அது. சிவப்பும் பச்சையும் பிரியாதவனுக்கு அந்த வேலை கிடையாது. விளையாட்டு வாங்குகிறவனுக்கு அப்படிச் சோதனை எதுவும் இல்லை. அவன் பணமும் பணம்தான். ஆகவே நிறத்தால் மட்டும் எதையும் சொல்லக் கூடாது. உருவமோ, எண்ணோ, இடமோ கூடவே சொல்ல வேண்டும்.

தமிழ் எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலங்காரத்துக்காக வார்த்தைகளைப் படத்தோடு படமாக வரைந்து ஒட்டிவிடுகிறார்கள். பிறகு மொழி மாற்ற வேண்டுமானால் ஒவ்வொரு படத்தையும் திரும்ப வரைய வேண்டும். ஆங்கில எழுத்துக்கென்று அளந்த குறுகிய பெட்டியில் நம் 'ணௌ'வும் 'ஙூ'வும் அடங்குவதில்லை. 'கொ' என்ற ஓர் எழுத்துக்கு முன்னால் ஒரு குறியும் பின்னால் ஒரு குறியும் வர வேண்டும். இதைச் சரியாக அடுக்கத் தெரியாத மென்பொருள் கொம்பைக் கழற்றித் தனியே போட்டுவிடும். இப்போது நிலைமை தேறி வருகிறது. இலவசமாகக் கிடைக்கும் 'கொடோ' என்ற தயாரிப்புக் கருவி 2023-ல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து இத்தகைய எழுத்துகளை முறைப்படி அடுக்குகிறது. ஆனால் பெட்டியைப் பெரிதாகப் போட வேண்டியது தயாரிக்கிறவன் பொறுப்பு. தமிழனே தயாரிக்கும் விளையாட்டில் தமிழுக்கு இடமில்லை என்று வரக் கூடாது.

ஐந்து சோதனைகள்

பெரிய கம்பெனிகள் சோதனை செய்யத் தனி ஆட்களை வைத்திருக்கின்றன. நம் பிள்ளைகளுக்குக் காசில்லை. காசில்லாமல் செய்யக் கூடியவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று: முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக் கொண்டு உட்கார வேண்டும். விளக்கம் சொல்ல வாய் வரும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம்.

இரண்டு: நடுப்பகலில் வெயில் விழும் பிளாட்பாரத்தில் நின்று பார்க்க வேண்டும். எழுத்து தெரிகிறதா? எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வித்தியாசம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று இணையப் பக்கங்களுக்கான உலக விதிமுறை 2008 முதல் சொல்லி வருகிறது. விளையாட்டுக்கும் அது நல்ல அளவுகோல்.

மூன்று: திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் ஆபத்து ஆபத்தாகத் தெரிகிறதா?

நான்கு: தொட வேண்டிய பொத்தானை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். ஏறக்குறைய 9 மில்லிமீட்டராவது இருக்கட்டும் என்று ஆண்ட்ராய்டு போன்களுக்கான விதி சொல்கிறது. ஆடும் ரயிலில் அதுவே சிறிசுதான்.

ஐந்து: எழுத்தைப் பெரிதாக்கவும், ஆட்டத்தையும் மினுமினுப்பையும் நிறுத்தவும் வழி வைக்க வேண்டும். அலங்காரம் பிடித்தவன் வைத்துக் கொள்ளட்டும். முடியாதவன் விலக்கிக் கொள்ளட்டும். இதில் யாருக்கும் மானக் குறைவு இல்லை.

மருமகன் விளையாட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பித்தளை இருக்கிறது, புகை இருக்கிறது, மழை இருக்கிறது. தண்ணீருக்கு இப்போது கண்ணாடிக் குழாய். பின்னால் சாய்வுக் கோட்டுத் தகடு. மலை ஏறும்போது தண்ணீர் சாய்வதையும் அந்தக் கோடுகளில் பார்க்கலாம். முன்பு இருந்ததைவிட இது நிஜ எஞ்சின் போலவே இருக்கிறது. மயில் வரைந்தவன் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவனே வந்து, மயிலை ஆரம்பத் திரைக்கு மாற்றிக் கொண்டான். அங்கே அது முழுத் தோகையும் விரித்து ஆடுகிறது. யாரும் அதனிடம் தண்ணீர் கேட்பதில்லை.

சென்ற ஞாயிறு அண்ணாச்சி மறுபடி விளையாடினார். பாதி மலை ஏறினார். அப்போதும் கொதிகலன் வெடித்தது. ஆனால் இம்முறை போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "தப்பு என் பேர்லதான். தண்ணி குறைஞ்சது தெரிஞ்சுது. கரியப் பார்த்துட்டு இருந்துட்டேன். இன்னொரு தடவ போடு, தம்பி" என்றார்.

தோற்றவன் தன் தப்பு என்று சொல்ல வேண்டும். கருவியின் தப்பு என்று சொல்லக் கூடாது. விளையாட்டு தயாரிப்பவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக் கொண்டால் போதும். வளையல் திரும்பி வருமா என்று எனக்குச் சோதிடம் சொல்லத் தெரியாது. வருவதற்கு வழி மறித்து நின்ற மயில் விலகிவிட்டது என்று மட்டும் சொல்ல முடியும்.